வேலை போனத மறைக்கிற அப்பா: டோக்கியோ சொனாட்டா

நடுத்தரக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமா சரியறத மூடோட காட்டுற படம் எதுன்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா 2008ல வந்த ஜப்பான் படம் டோக்கியோ சொனாட்டா பாருங்க. டைரக்டர் கியோஷி குரோசாவா, பேய்ப் படங்களுக்குப் பேர் போனவரு, இதுல பேயே இல்ல ஆனா அந்த வீட்டுக்குள்ள அதே திகில் இருக்கு.

கம்பெனி வேலைய சீனாவுக்கு மாத்துறாங்க, அப்பாவுக்கு வேலை போயிடுது, வீட்ல சொல்லாம தினமும் கோட் சூட் போட்டுக் கிளம்பிப் போய் பார்க்ல இலவச சாப்பாட்டு வரிசைல நிக்கிறாரு, அங்க பழைய ஃப்ரெண்டு ஒருத்தர், அவருக்கும் வேலை இல்ல, ஆனா பிஸியா இருக்கிற மாதிரி காட்ட போன் தானா அடிக்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருப்பாரு. அந்த சீன் என்னை ரொம்ப உலுக்கிடுச்சு. சம்பளத்த விட அப்பாங்கிற அதிகாரம் போயிடுமோங்கிற பயம்தான் குடும்பத்த உடைக்குது, சின்னப் பையன் பியானோ கத்துக்கறேன்னு கேட்டா காரணமே இல்லாம கூடாதுங்கறாரு பாருங்க, அங்கயே புரிஞ்சிடும்.