எக்ஸ்எஸ்எல்டி வெளியீட்டில் வேண்டாத எக்ஸ்எம்எல்என்எஸ் ஏன் வருகிறது?

எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் ‘எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்ஸஸ்’ கொடுத்தும், பெயர்வெளி (ஒரே பெயருள்ள எலிமென்ட்களைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) அறிவிப்புகளான எக்ஸ்எம்எல்என்எஸ் போகவில்லை, சில எலிமென்ட்களில் எக்ஸ்எம்எல்என்எஸ்="" என்று காலியாகவும் வருகிறது என்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள்.

‘எக்ஸ்க்ளூட்-ரிசல்ட்-ப்ரிஃபிக்ஸஸ்’ அட்ரிபியூட், ஸ்டைல்ஷீட்டில் (மாற்று விதிகள் உள்ள கோப்பில்) நீங்கள் நேரடியாக எழுதிய எலிமென்ட்களுக்கு மட்டுமே செல்லும். ‘காப்பி-ஆஃப்’ கட்டளை மூலம் உள்ளீட்டிலிருந்து அப்படியே நகலாகி வருபவை தங்கள் அறிவிப்புகளையும் கூடவே இழுத்து வரும். எக்ஸ்எஸ்எல்டி பதிப்பு 2.0 என்றால் அங்கே ‘காப்பி-நேம்ஸ்பேசஸ்’ மதிப்பை ‘நோ’ ஆக்குங்கள். 1.0-இல் அந்த வசதி இல்லை. ‘எக்ஸ்எஸ்எல்:எலிமென்ட்’ கொண்டு ஒவ்வொன்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். பெயருக்கு லோக்கல்-நேம்(), பெயர்வெளிக்கு நேம்ஸ்பேஸ்-யூஆர்ஐ(). எலிமென்ட் பெயரிலோ அட்ரிபியூட் பெயரிலோ உண்மையில் பயன்படும் பெயர்வெளியை எதனாலும் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது.

காலி அறிவிப்பைப் பிழை என்று நினைத்து, வெளியீட்டைச் சரங்களாக வெட்டி ஒட்டிவிடாதீர்கள். பெற்றோர் ஒரு பெயர்வெளியில் இருக்க, வேறொரு டெம்ப்ளேட் (மாற்று விதி) உருவாக்கிய பிள்ளை எந்தப் பெயர்வெளியிலும் இல்லை என்பதைத்தான் அது சரியாகச் சொல்கிறது. பெயர்வெளி, ஸ்டைல்ஷீட்டில் எலிமென்ட் எழுதப்பட்ட இடத்தைப் பொறுத்தது. வெளியீட்டில் அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்ததல்ல. முன்னொட்டு இல்லாத இயல்புப் பெயர்வெளி அறிவிப்பை ‘எக்ஸ்எஸ்எல்:ஸ்டைல்ஷீட்’ எலிமென்டிலேயே வையுங்கள். அந்தக் கோப்பிலுள்ள எல்லா டெம்ப்ளேட்களுக்கும் அது பொருந்தும். இம்போர்ட் செய்த கோப்புகளில் தனியாகத் திரும்ப எழுத வேண்டும்.