மனிதன் எதற்காக வாழ்கிறான்? அரிஸ்டாட்டிலில் தொடங்கி அகுஸ்தீன் வரை படிக்க ஒரு வழி

கேள்வி: வாழ்வின் நோக்கம் பற்றிக் கிரேக்கத் தத்துவவாதிகளும் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களும் சொன்னதை மூலநூல்களிலேயே படிக்க ஆசை. அரிஸ்டாட்டிலை இரண்டு முறை எடுத்துப் பாதியில் விட்டுவிட்டேன். அகுஸ்தீனின் 'கடவுளின் நகரம்' நூலின் தடிமனே மிரட்டுகிறது. தினமும் அரைமணி நேரம்தான் கிடைக்கும். எதை, எந்த வரிசையில் படிப்பது?

பதில்: முழு நூல்களையும் படிக்க வேண்டியதில்லை. சரியான பகுதிகளை மட்டும் எடுத்தால் ஐந்து வாரத்தில் முடியும். ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்: இவர் காட்டும் இலக்கை மனிதனிடமிருந்து எதனால் பறிக்க முடியும்? அந்தக் காலத்து வாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மோதிக்கொண்டன.

முதல் வாரம் அரிஸ்டாட்டில். 'நிக்கோமாக்கிய அறவியல்' பத்துப் புத்தகங்கள் கொண்டது; முதல் புத்தகமும், பத்தாவதில் 6 முதல் 8 வரையிலான அத்தியாயங்களும் போதும். நடுவில் வரும் வீரம், நீதி, நட்பு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலரும் மூச்சு வாங்குவது அங்கேதான். முதல் புத்தகத்தின் 7-ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். தச்சனுக்கு ஒரு வேலை உண்டு, கண்ணுக்கும் உண்டு, மனிதனாகப் பிறந்ததற்கென்று ஒரு வேலை இல்லையா என்கிறார். செடிக்கும் உள்ள வளர்ச்சியையும் விலங்குக்கும் உள்ள புலனுணர்வையும் கழித்தால் மிஞ்சுவது பகுத்தறிவின் செயல்பாடு. அதுவும் சிறப்பாக, முழு ஆயுளுக்கும் நடக்க வேண்டும். பத்தாம் புத்தகத்தில் உண்மையை தியானிக்கும் வாழ்வு முதலிடத்துக்கு ஏற, அறச்செயல் வாழ்வு இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள், நீங்கள் அங்கே தேங்க வேண்டாம். முதல் புத்தகத்தின் 9, 10-ஆம் அத்தியாயங்களை மட்டும் தவறவிடாதீர்கள். டிராய் மன்னன் பிரியாமுக்கு நேர்ந்தது போன்ற பேரிழப்பு வந்தவனை யாரும் பாக்கியவான் என்று சொல்லமாட்டார்கள் என்கிறார் அரிஸ்டாட்டில். அதாவது, விதி பறித்துவிட முடியும். (ஓரத்தில் அச்சிட்ட 1097 போன்ற பெக்கர் எண்களை, அதாவது பதிப்புகளுக்குப் பொதுவான பக்க எண்களை, குறித்துவைத்தால் மொழிபெயர்ப்பு மாறினாலும் இடம் தவறாது.)

இரண்டாம் வாரம் ஸ்டோயிக்குகள், அதாவது அறம் ஒன்றே நன்மை என்ற தத்துவப் பள்ளியினர். எபிக்டெட்டஸின் கையேடு 53 சிறு அத்தியாயங்கள்தான். மூன்று அமர்வில் முடியும். அவர் பதில் நேரானது: நம் கட்டுப்பாட்டில் இருப்பதில் மட்டும் நன்மையை வைத்தால் எவராலும் எதையும் பறிக்க முடியாது. அவர்களுக்கு எதிரணியாக, இன்பமே இலக்கு என்ற எபிக்யூரஸ் மெனீசியஸுக்கு எழுதிய கடிதத்தை ஒரே நாளில் படித்துவிடலாம்.

மூன்றாம் வாரம் கிறிஸ்தவர்கள் பக்கம் வாருங்கள். இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தின் 'டிரைஃபோவுடன் உரையாடல்' நூலின் முதல் எட்டு அத்தியாயங்களில் ஒவ்வொரு தத்துவப் பள்ளியின் வாசலையும் தட்டுகிறார். ஸ்டோயிக் ஆசிரியருக்குக் கடவுளைப் பற்றி அக்கறையில்லை, அரிஸ்டாட்டில் வழிவந்தவர் கட்டணம் கேட்கிறார், பித்தாகரஸ் வழியினர் முதலில் இசையும் வடிவியலும் கற்றுவா என்கிறார். நகைச்சுவையாகவே படிக்கலாம். அடுத்து அதே நூற்றாண்டின் ஆயர் இரேனியு, 'தப்பறைகளுக்கு எதிராக', நான்காம் புத்தகம், 20-ஆம் அத்தியாயம். அதன் 7-ஆம் பத்தியில் "உயிர்வாழும் மனிதனே கடவுளின் மாட்சி" என்ற வரி வருகிறது. பிரசங்கங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் இதோடு வெட்டிவிடுகிறார்கள். ஏதோ தன்முன்னேற்ற முழக்கம் போல ஆகிவிடுகிறது. வாக்கியத்தின் மறுபாதி: "மனிதனின் வாழ்வோ கடவுளைக் காண்பது." நோக்கம் சொல்லப்படுவது அந்த மறுபாதியில்தான்.

நான்காம் வாரம் அகுஸ்தீன். 'கடவுளின் நகரம்' பக்கம் உடனே போகாமல், 386-இல் எழுதிய 'மகிழ்ச்சியான வாழ்வு' என்ற சிறு உரையாடலை எடுங்கள். விரும்பியது கிடைத்தால் மகிழ்ச்சியா என்று கேட்க, நல்லதை விரும்பிப் பெற்றால் மகிழ்ச்சி, கெட்டதை விரும்பினால் கிடைத்தாலும் துயரம்தான் என்கிறார் அவருடைய தாய் மோனிக்கா. தத்துவத்தின் கோட்டையையே பிடித்துவிட்டீர்கள் அம்மா என்று மகன் வியக்கிறார். உடனே நம் கேள்வி வருகிறது: இழக்கக்கூடியதை வைத்திருப்பவன் அஞ்சுவான், அஞ்சுபவன் மகிழமாட்டான், ஆகவே இலக்கு அழியாததாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் 'கடவுளின் நகரம்', 19-ஆம் புத்தகம். 1 முதல் 4, பிறகு 10 முதல் 13 வரை. முதல் அத்தியாயம் வாசகர்களை விரட்டும். உயர்நன்மை பற்றி 288 நிலைப்பாடுகள் சாத்தியம் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ போட்ட கணக்கு அது. காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இன்பம், அமைதி, இரண்டும், இயற்கையின் முதன்மை நலன்கள் என நான்கு. அவை அறத்துக்காகவா, அறம் அவற்றுக்காகவா, இரண்டும் தன்தன் பொருட்டா என மூன்றால் பெருக்க 12. தனக்கு மட்டுமா பிறருக்குமா, 24. உறுதியாக ஏற்பதா ஐயத்தோடா, 48. சமூக வழக்கங்களைப் புறக்கணித்த சினிக்குகளின் நடையுடையா மற்றவர்களுடையதா, 96. ஓய்வு, செயல், இரண்டும் கலந்த வாழ்க்கை என மூன்று, 288. இத்தனை பெருக்கலையும் பொறுமையாக விளக்கிவிட்டு, எல்லாருமே இலக்கை இந்த வாழ்க்கைக்குள், தங்கள் முயற்சிக்குள் தேடினார்கள் என்று 4-ஆம் அத்தியாயத்தில் அகுஸ்தீன் ஒரே தட்டாகத் தட்டுகிறார்.

ஸ்டோயிக்குகள்தான் அங்கே அதிகம் அடிபடுகிறார்கள். வலி தீமையல்ல என்கிறீர்கள், தாங்க முடியாவிட்டால் உயிரை விடலாம் என்றும் சொல்கிறீர்கள். தப்பி ஓட வேண்டிய வாழ்வு மகிழ்ச்சியான வாழ்வா என்று கேட்கிறார் அகுஸ்தீன். இது கூர்மையான அடி. ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாததை நன்மை என்று எண்ணாதே என்ற எபிக்டெட்டஸின் அடிப்படை வாதத்தை இது முழுதாகத் தொடவில்லை என்பது எங்கள் கருத்து. கையேட்டை முன்பே படிக்கச் சொன்னது இதற்காகத்தான். அகுஸ்தீன் வழியாக மட்டும் ஸ்டோயிக்குகளை அறிந்தால் தீர்ப்பு ஒருதலையாகிவிடும்.

ஆறாம் வாரம் கிடைத்தால் நான்காம் நூற்றாண்டு ஆயர் நீசாவின் கிரகோரி எழுதிய 'மோசேயின் வாழ்வு' நூலின் முன்னுரையைப் படியுங்கள். இலக்கு என்றால் போய்ச் சேர்ந்து நிற்கும் இடம் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்க, நிறைவுக்கு எல்லையே இல்லை, முன்னேறிக்கொண்டிருப்பதே நிறைவு என்கிறார் அவர். சில பக்கங்கள்தான், ஒரே அரைமணியில் முடியும்.