பாலிஅனிலின் ஏன் தண்ணீரில் படிந்துவிடுகிறது? கலங்கியபடியே நிற்க என்ன செய்யலாம்?

மின்சாரம் கடத்தும் பாலிமரான பாலிஅனிலினின் உலர்ந்த தூளைத் தண்ணீரில் போட்டு, அல்ட்ராசோனிக் அதிர்வுத் தொட்டியில் வைத்தும் மறுநாள் அடியில் தங்கிவிடுகிறது என்கிறீர்கள். உலர்த்தியதுதான் காரணம். விறைப்பான அந்தச் சங்கிலிகள் காயும்போது ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு எவ்வளவு அதிரவைத்தாலும் முழுதாகப் பிரியாது. துகள் உருவாகும்போதே அது ஒட்டாமல் இருக்க வழிசெய்ய வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸில் வேதியியலாளர் ரிச்சர்ட் கேனர் குழுவினர் கண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. மூலப்பொருளான அனிலினையும், அதைச் சங்கிலியாக இணைக்கும் ஆக்சிஜனேற்றியான அம்மோனியம் பெர்சல்பேட்டையும் தனித்தனியே அமிலத்தில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடாமல், ஒரேயடியாகக் கலந்துவிடுங்கள். நானோ இழைகள் கிடைக்கும். கலந்தபின் கிளறாமல் விட்டுவிடுங்கள். வினை நடக்கும்போது கிளறினால் இழைகள் திரளும் என்பதையும் அவர்களே காட்டினார்கள். நம் ஆய்வகப் பழக்கத்துக்கு நேர்மாறு இது!

அடுத்தது கழுவுதல். பெரும்பாலும் இங்கேதான் காரியம் கெடுகிறது. இழைகளை விலக்கி வைப்பது அவற்றின் நேர்மின்னூட்டம். அமிலமும் உப்பும் மிகுந்தால் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிடும், துகள்கள் திரளும். அமிலம் முழுதும் போய்விட்டால் மின்னூட்டமே போய், பச்சை நீலமாகி, படிந்துவிடும். டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பையில் வைத்து மிகையான அமிலத்தையும் உப்பையும் வெளியேற்றி, பிஎச் 2.6 அளவில் நிறுத்தினால் வேறு எந்த நிலைப்படுத்தியும் இல்லாமலே நிற்கிறது.

பிவிபி, பிவிஏ போன்ற பாலிமர்களைச் சேர்த்தும் நிறுத்தலாம். ஆனால் அவை மின்கடத்தாதவை. பூசி உலர்த்திய படலத்தில் தங்கி, கடத்துதிறனைக் குறைக்கும்.

சந்தையில் கிடைக்கும் இன்னொரு கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ் திரவத்துக்கும் இதே இழுபறி உண்டு. எதிலும் கரையாத பெடாட்டை, பாலிஸ்டைரீன் சல்போனிக் அமிலம் (பிஎஸ்எஸ்) கரைந்த தண்ணீரிலேயே உருவாக்குகிறார்கள். மிகுதியான சல்போனேட் தொகுதிகள்தான் துகள்களைத் தாங்குகின்றன. கடத்தும் வகையில்கூட எடையளவில் பெடாட் 1 பங்கு என்றால் பிஎஸ்எஸ் 2.5 பங்கு. அதனால் வெறும் படலம் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸ்கூடக் கடத்தாது. பிஎஸ்எஸ்ஸைக் குறைக்க முயலாதீர்கள், பாட்டிலிலேயே திரளும். பூசுவதற்கு முன் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேருங்கள். உலரும்போது பெடாட் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து, கடத்துதிறன் பல நூறு சீமென்ஸுக்கு ஏறும். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்தது மீளாது.

உங்கள் பாலிஅனிலினுக்கு எந்த அமிலம், கழுவி முடித்தபின் பிஎச் எவ்வளவு? எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.