12 போரா, 20 போரா? துப்பாக்கிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, மாந்தோப்புக்குள் தனியாகக் குடியிருப்பவர்களுடையவை. காய்ப்பு நேரத்தில் திருட்டுப் பயமும் சேர்ந்து வரும், புரிகிறது. லைசென்ஸ் பேச்சே இல்லாமல் "எது வாங்கலாம்" என்று மட்டும் கேட்டவர்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். முதலில் கலெக்டர் ஆபீஸ், அப்புறம் துப்பாக்கிக் கடை.

தோப்புக்குள் கொட்டாய் வீடு. பாதுகாப்புக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. 12 போர் வாங்குவதா, 20 போரா? (பாலக்கோடு)

12 போர் (போர் என்பது குழல் அளவைச் சொல்லும் எண்). அதற்காக 20 போரை மட்டமாக நினைக்க வேண்டாம். ஒன்றில் முப்பது கிராம் ஈயம், மற்றதில் இருபத்தைந்து. வீட்டுக்குள் ஐந்தாறு மீட்டரில் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் தோட்டாவில்தான் இருக்கிறது. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது 12 போர் தோட்டா. 20 போர் என்றால் "சொல்லி வைக்கிறேன்" என்பார்கள். சுட்டதும் தோளில் விழும் உதைக்குப் பயந்து 20 கேட்கிறீர்கள் என்றால், அந்தத் துப்பாக்கியே எடை குறைவு என்பதால் உதை நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறையாது. பின்கட்டை உங்கள் தோளுக்குச் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். நீளமான கட்டையை அரை அங்குலம் குறைத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

410 என்பது 12-ஐ விட எவ்வளவோ பெரிய எண். அப்படியென்றால் சக்தியும் அதிகம்தானே? (காவேரிப்பட்டணம்)

இல்லை. போர் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 410 அந்தக் கணக்கிலேயே சேராது. அது குழலின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் 410 பங்கு. மில்லிமீட்டரில் பத்து சொச்சம். 12 போர் பதினெட்டரை. கடைக்குப் போகும் முன் இதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

பம்ப் ஆக்ஷனா, டபுள் பேரலா? (கிருஷ்ணகிரி)

பம்ப் ஆக்ஷன், அதாவது முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது, திருச்சி தொழிற்சாலையிலேயே செய்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அதை அடிக்கடி பழகியவர் கையில் இருக்க வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்துப் பாதியில் விட்டால் தோட்டா சிக்கும். வருஷத்துக்கு நாலு தோட்டா சுடுகிறவருக்கு டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல், போதும். மடக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சுட்டால் ரவை அறை முழுக்கப் பரவுமாமே, குறி வைக்கவே தேவையில்லையாமே? (ஊத்தங்கரை)

யார் சொன்னது? அறைக்குள் சுட்டால் ரவை ஒரு கைப்பிடி அளவுக்கு விரியும், மிஞ்சினால் உள்ளங்கை அகலம். குறி வைத்தே ஆக வேண்டும். எல்.ஜி., எஸ்.ஜி. என்கிற பருத்த ரவைகள் தகரக் கதவையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும் துளைத்துப் போகும். அந்தப் பக்கம் உங்கள் பிள்ளைகள் படுத்திருக்கிறார்களா என்று முதலில் யோசியுங்கள்.

அண்ணனிடம் 12, என்னிடம் 20. தோட்டாக்களை ஒரே பெட்டியில் வைக்கலாமா? (மத்தூர்)

கூடவே கூடாது. 20 போர் தோட்டாவை 12 போர் குழலில் போட்டால் அது வெளியே விழாது. குழலின் அடியில் உள்ள தோட்டா அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலில் சில அங்குலம் உள்ளே சிக்கி நிற்கும். விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டா போட மறந்துவிட்டோம் போல என்று அண்ணன் ஒரு 12-ஐப் போடுவார். இரண்டும் சேர்ந்து வெடித்தால் குழலோடு இடது கையும் போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். தனிப் பெட்டி, தனி அலமாரி, தனிச் சாவி.

தாத்தாவின் இங்கிலாந்து டபுள் பேரல் 12 போர். அப்பா காலமானபின் வீட்டில் சுவரில் மாட்டியிருக்கிறது. புதுத் தோட்டா போட்டால் சுடுமா? (தேன்கனிக்கோட்டை)

சுடும். பிரச்சினையே அதுதான். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது!

லைசென்ஸ் அப்பாவோடு முடிந்துவிட்டது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை அது உங்கள் துப்பாக்கி இல்லை.

கைக்கு வந்தபின் குழலைக் கழற்றி, அடிப்பக்கத் தட்டையில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள். பழைய இங்கிலாந்து துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. "உள்ளே நன்றாகத்தானே போகிறது" என்பார்கள். போகத்தான் போகும். 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். மடிந்த வாயோடு அது குட்டையாகத்தான் இருக்கும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். முதல் நாள் ஒன்றும் ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் தொடர்ந்து சுடுகிறார்கள்.

குழலில் சுருள் சுருளாக வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். கருமருந்து என்கிற பழைய கால வெடிமருந்துக்காகச் செய்தது. இன்றைய தோட்டாவை அதில் போடவே போடாதீர்கள். அந்த வரியை மறைத்துக் கருப்பேற்றி, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று திருப்பிக் கொடுக்கிற மெக்கானிக்குகளை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அப்படிக் கருப்பேற்றிய ஒன்றைத்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். கொக்கியில் தொங்கவிட்டு மரக்கட்டையால் தட்டினேன். நல்ல குழல் கணீரென்று ஒலிக்கும். அது 'தட்' என்றது. இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையில் ஈயப்பற்று விட்டுப் போயிருந்தது. மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு!

சுவரில் மாட்டாதீர்கள். குழலில் தோட்டாவோடு வைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள்.

ஃபிளாட்டில் திருப்ப வசதியாகக் குழலைப் பதினாறு அங்குலமாக வெட்டித் தருவீர்களா? (ஓசூர்)

மாட்டேன். பாதுகாப்புக்கான துப்பாக்கிக்குச் சட்டம் சொல்வது குறைந்தது 20 அங்குலம். லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதே தனிக் குற்றம். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள்.

கேட் ஏறிக் குதிக்கிறவனைச் சுட்டால் தற்காப்புதானே? (தருமபுரி)

இரவில் வீட்டை உடைத்து நுழைவது, கொள்ளை, வீட்டுக்குத் தீ வைப்பது, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் தரும் திருட்டு. உயிர் போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 41-ஆம் பிரிவு சொல்வது இவற்றுக்குத்தான். மாங்காய் பறிக்க வந்தவன் இதில் இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்தால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். முதலில் விளக்கைப் போடுங்கள், சத்தம் கொடுங்கள், 100-க்குப் போன் போடுங்கள்.

அதே துப்பாக்கியால் கொல்லையில் பன்றியையும் விரட்டலாமா? (பென்னாகரம்)

துப்பாக்கி லைசென்ஸ் வேட்டைக்கு அனுமதி ஆகாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. வனத்துறையிடம் எழுதிக் கொடுங்கள். யானை என்றால் துப்பாக்கியைத் தொடவே தொடாதீர்கள்.

மலைப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டால் என்ன? (அரூர்)

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு சிறை, ஐந்து வரை போகலாம். அந்தக் குழல் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்தால் அது வேறு கணக்கு. இப்படி இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி துருவோடு திரும்பி வந்தது. (போச்சம்பள்ளி)

உறையோடு கொடுத்திருப்பீர்கள். உறையைக் கழற்றி, குழலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய் பூசி, துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சரிபார்த்து ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். திரும்பி வந்த அன்றே மடக்கிக் குழலுக்குள் பாருங்கள், வெளிச்சம் தெரிகிறதா என்று.