தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியில் சைட்டோகைன்களின் வேலை என்ன?

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் கல்லீரலையே தாக்கும் நோயில் சைட்டோகைன்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சேதி, அவ்வளவுதான். சின்னப் புரதம். ஆனால் இந்த நோயில் அந்தச் சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

கல்லீரலில் ஊசி போட்டு எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால், ரத்தக்குழாயும் பித்தநாளமும் சேர்ந்து ஓடும் பகுதியின் விளிம்பைத் தாண்டி லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்கள் கல்லீரல் செல்களுக்கு இடையே புகுந்திருக்கும். அங்கே அவற்றில் ஒரு வகையான டி செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைட்டோகைனைச் சுரக்கின்றன. அது பட்டதும் கல்லீரல் செல், தன் புரதத் துண்டுகளை இன்னும் அதிகமாக வெளியே காட்டத் தொடங்குகிறது. அதாவது, தாக்க வருபவருக்குத் தன்னையே அடையாளம் காட்டுகிறது! தாக்குதல் கூடக் கூட இன்டர்ஃபெரானும் கூடும். இன்டர்லூகின்-21 போன்ற சைட்டோகைன்கள், ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி செல்களைத் தூண்டுவதால்தான் ரத்தத்தில் ஐஜிஜி என்னும் ஆன்டிபாடியின் அளவு ஏறுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைன். ஒரு பக்கம் எதிர்ப்பை அடக்கும் நல்ல மூலக்கூறு. மறுபக்கம், கல்லீரலின் ஸ்டெல்லேட் செல்களைக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்க வைத்துத் தழும்பை உண்டாக்குவதும் அதுதான். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை.

சரி, கெட்ட சைட்டோகைனை மட்டும் தடுத்தால் போதாதா? அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற சைட்டோகைனைத் தடுக்கும் மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப், வேறு மருந்துக்கு மசியாத சிலருக்கு உதவியிருக்கிறது. அதே மருந்து வேறு நோய்க்காக எடுத்துக்கொண்ட சிலருக்கு இதே மாதிரியான கல்லீரல் பாதிப்பைக் கொண்டுவந்தும் இருக்கிறது. பல சைட்டோகைன்களை ஒருசேரக் குறைக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும், கூடவே நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதியோபிரினும் இன்றும் முதல் சிகிச்சையாக இருக்கின்றன.