காராமணி, கொள்ளு, பட்டாணிப் பருப்புல வடை: கேள்வி பதில்

ராயபுரம்: அக்கா, கடலைப்பருப்புக்குப் பதிலா காராமணியில மசால்வடை தட்டினேன். எண்ணெயில போட்டதும் உதிர்ந்து போவுது. ஏன்?

பதில்: ஈரம் அதிகம். 200 கிராம் காராமணிய 6 மணி நேரம் ஊறவெச்சு, வடிகட்டியில 20 நிமிஷம் விட்டு, துணியில பரப்பி ஒத்தி எடுங்க. மிக்ஸியில ஒரு சொட்டுத் தண்ணிகூட விடாம, விட்டுவிட்டு ஓட்டுங்க. பிடிச்சா உருண்டை நிக்கணும், விரலிடுக்குல ஈரம் கசியக் கூடாது. கசிஞ்சா அரிசி மாவு 2 ஸ்பூன் போதும். கடலை மாவு போட்டா காராமணி வாசமே அமுங்கிடும். உப்பு பட்டா வெங்காயம் தண்ணி விடும். அதனால ரெண்டையும் எண்ணெய் காஞ்ச பிறகுதான் சேர்க்கணும்.

வியாசர்பாடி: எனக்கு உதிரல, வெடிக்குது. மூஞ்சியில தெறிச்சிடுச்சு அக்கா.

பதில்: கடலைப்பருப்பு வடைக்கு ஒரு பிடி பருப்ப அரைக்காம எடுத்து வெப்போமே, அந்தப் பழக்கத்த இங்க விட்டுடுங்க. கடலைப்பருப்பு தோல் போய் உடைச்சது. காராமணியும் மொச்சையும் தோலோட முழுசா இருக்கும். உள்ள ஆவி அடைபட்டு வெடிக்கும். ஒண்ணுகூட முழுசா இல்லாம உடையணும்.

கொருக்குப்பேட்டை: உளுந்து விலை ஏறிடுச்சு. காராமணியில மெதுவடை வருமா?

பதில்: ஓட்டை போட்ட வடையா வராது. உளுந்துல இருக்கற வழவழப்புதான் காத்தப் பிடிச்சு வெக்குது. காராமணியில அது கம்மி. ஆனா பஞ்சு மாதிரி போண்டா வரும். நைஜீரியாவுல அகரான்னு இதத்தான் சுடறாங்க. ஊறின காராமணியத் தேய்ச்சு அலசித் தோல முழுக்க எடுங்க. தோல் தங்கினா மாவு உப்பாது. ரொம்பக் கொஞ்சம் தண்ணி தெளிச்சு நைசா அரைச்சு, கையால 10 நிமிஷம் அடிங்க. ஒரு கிள்ளு மாவு தண்ணியில மிதந்தா பதம். உப்பு கடைசியில. அடிச்ச மாவக் காக்க வெச்சா காத்து இறங்கிடும், உடனே ஸ்பூனால எடுத்து விடுங்க.

தண்டையார்பேட்டை, டீக்கடை: பட்டாணிப் பருப்பு வடை ஆறினதும் நமத்துப் போவுது.

பதில்: 2 மணி நேரத்துக்கு மேல ஊறவெக்காதீங்க. பாதிக்குப் பாதி கடலைப்பருப்பு கலந்து, மெல்லிசாத் தட்டி, மிதமான தீயில நிதானமா வேகவிடுங்க. சுட்டத ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா ஆவியில நமத்துடும்.

பெரம்பூர்: கொள்ளு?

பதில்: 12 மணி நேரம் ஊறணும். தனியா சுட்டா வறண்டு கல்லாயிடும். 1 பங்கு கொள்ளு, 3 பங்கு கடலைப்பருப்பு.

காசிமேடு: ராஜ்மாவ ஊறவெச்சு அப்படியே அரைச்சு சுடலாமா?

பதில்: கூடவே கூடாது. பச்சை ராஜ்மாவுல வாந்தி, பேதி வரவெக்கற நச்சு இருக்கு. வடை வெளிய சிவந்தாலும் உள்ள அது முழுசா அழியும்னு நம்ப முடியாது. ஊறின தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 30 நிமிஷம் தளதளன்னு கொதிக்கவிட்டு, வடிச்சு, ஆறவெச்சு மசிச்சு கட்லெட்டாப் போடுங்க.