புகைப்பதை விட்ட ஆறாம் நாள்: இந்த அழுத்தத்தை எப்படித் தாங்குவது?

சிகரெட்டை விட்டு ஆறு நாள் ஆகிறது, வேலை அழுத்தம் தாங்க முடியவில்லை, ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆறு நாளில் வீட்டில் யாரையாவது காரணமில்லாமல் ஏசியிருப்பீர்கள், இரவில் நித்திரை வந்திருக்காது. கேள்வியில் அது இல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நான் வைத்தியன் அல்லன். திருகோணமலையில் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன். 22 வருடம் புகைத்தவன், விட்டு எட்டு மாதமாகிறது. மனத்திடம் இருந்தால் போதும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்களில் பலர் ஒருநாளும் புகைத்ததில்லை.

எனக்கு மோசமான நாள் நான்காம் நாள். விடிகாலையில் கொட்பே துறைமுகத்தில் சூரை மீன் ஏற்றிவிட்டு நிற்கிறேன். மூன்று மாதப் பாக்கி வைத்திருக்கும் கொழும்பு வியாபாரி, அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். படகுக்காரருக்குக் கரையிலேயே எண்ணிக் கொடுக்க வேண்டும். ஐஸுக்கும் லொறிக்கும் கைக்காசு. விற்று முடித்தவர் மட்டும் ஆறுதலாகத் தருவார். நான் ஏமாளி என்று நினைக்க வேண்டாம், இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. நீங்கள் கேட்டது இதையல்ல, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். மகளின் கொம்பாஸ் பெட்டி மேசையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்திற்கு நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. பிள்ளை நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அழிறப்பர் என் காலடியில் கிடந்தது. அதை மட்டும் எடுக்க வரவில்லை.

அன்று மாலை டச்சுக்குடாக் கரையோரமாகப் பிரெட்ரிக் கோட்டை வாசல் வரை நடந்தேன். மான்கள் படுத்துக்கிடந்தன. அங்கே நின்று யோசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. 22 வருடமும் பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். சிகரெட் ஒரு ரூபாயையும் வசூலித்துத் தரவில்லை. பின்பு ஒரு வைத்தியர் அதன் காரணத்தைச் சொன்னார். இரத்தத்திலுள்ள நிக்கொட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. உடனே உடம்பு தவிக்கிறது. அடுத்த சிகரெட் அந்தத் தவிப்பைத் தணிக்கிறது, நாம் கவலை தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். விட்ட முதல் மூன்று நாட்களில்தான் அந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போகும், பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் கடந்துபோகும். நான் அந்த நிமிடங்களில் நடந்தேன்.

தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக நான் பிளேன்டீ குடித்துத் தள்ளினேன், ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை. புகை, தேநீரிலும் கோப்பியிலும் இருக்கும் கஃபீனை ஈரல் விரைவாக அகற்றும்படி செய்கிறது. புகைப்பதை நிறுத்தியதும் அதே கஃபீன் உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. கை நடுக்கமும் நித்திரையின்மையும் சிகரெட் இல்லாததால் என்றே நினைத்திருந்தேன், பாதி தேநீரால். மூன்று கோப்பையாகக் குறைத்த பிறகு தூங்கினேன். வெற்றிலை பாக்குக்கு மட்டும் மாறிவிடாதீர்கள், பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரும். நான் சட்டைப்பையில் கராம்பு வைத்திருந்தேன். தனியாக முடியாவிட்டால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள், புகைப்பதை விடுவதற்கு உதவவென்றே இருக்கும் இலக்கம் அது.

பத்தொன்பதாம் நாள் நிலாவெளியில் பெரியப்பா இறந்தார். நுரையீரல் போய், கடைசி மாதங்களில் ஒட்சிசன் சிலிண்டரோடு கிடந்தவர். பிரேதம் கூடத்தில் இருக்கிறது, முற்றத்துப் பந்தலில் நாங்கள் இருக்கிறோம், தட்டு வருகிறது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, நடுவில் ஒரு பிடி சிகரெட். பெட்டியில் 80 வீதத்தை மறைத்து நோயின் படம் இருக்குமல்லவா, தட்டில் பெட்டியே இல்லை. தட்டை ஏந்தி வந்தவன் பெரியப்பாவின் பேரன், வயது 14. 21 வயதாகாதவருக்கு விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. செத்த வீட்டுத் தட்டை அவன் கையில் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை. எனக்கு வாயூறியது உண்மை. கராம்பைக் கடித்துக்கொண்டு தட்டை வாங்கி என் கதிரையின் கீழே வைத்துவிட்டேன். சம்பிரதாயத்தை அவமதித்தேன் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இழவு வீட்டில் விருந்தினரை மதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிலிண்டரை நான்தான் இரண்டு முறை மாற்றிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான்.

பெரியம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கான அந்தியேட்டிச் சடங்கன்று தட்டை அவரே தயார்செய்தார். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மட்டும் வைத்தார்.